டாடா மசீலோவின் நடனங்களை எப்படிப் பார்ப்பது?

இடுப்பில் விறைப்பான வெள்ளை டூட்டூப் பாவாடை, வெறுங்கால். ஆண்களுக்கும் பெண்களுக்கும் அதே உடை. ஆண்களுக்கு மேல்சட்டை இல்லை. சைக்கோவ்ஸ்கியின் இசை ஒலிக்கிறது, ஆனால் கால்கள் தரையைத் தட்டுகின்றன, இடுப்பு குலுங்குகிறது, நடுவில் யாரோ குலவை இடுகிறார்கள். தென்னாப்பிரிக்க நடனக் கலைஞர் டாடா மசீலோ 2010 இல் உருவாக்கிய 'ஸ்வான் லேக்' இது. டர்பனில் பரதநாட்டியம் பார்த்து வளர்ந்தவர்கள் முதன்முறை இதைப் பார்த்தால் 'பாலேயையும் ஆப்பிரிக்க ஆட்டத்தையும் கலந்திருக்கிறார்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அது தவறில்லை. ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் மசீலோவைப் பார்க்கவே இல்லை என்றாகிவிடும். பழைய கதையில் எதை வைத்துக்கொண்டார், எதை வெட்டினார், இரண்டு நடனங்களும் உடம்பின் எந்த இடத்தில் சந்திக்கின்றன என்பதில்தான் அவருடைய கலை இருக்கிறது.

முதலில் ஓர் அடிப்படை. பரதத்தில் அடவுகள் என்னும் அடிப்படை அசைவுகள் நமக்கு முன்பே இருக்கின்றன. தட்டடவு, நாட்டடவு, குதித்து மெட்டடவு என்று, ஆட்டத்தை வழிநடத்தும் நட்டுவனார் கையில் ஒரு சொல்தொகுதி தயாராக இருக்கிறது. அதிலிருந்து எடுத்துக் கோத்து ஜதியும் தீர்மானமும் அமைக்கிறார். தற்கால நடனத்தில் அப்படிப் பொதுவான தொகுதி கிடையாது. நடன அமைப்பாளர் ஒவ்வொருவரும் முதலில் தனக்கான அசைவுகளை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் அவற்றை வைத்து எதையாவது சொல்ல முடியும். ஆகவே ஒரே ஒரு படைப்பைப் பார்த்தால் எந்த அசைவு அந்தக் கதைக்காக வந்தது, எது அவருடைய நிரந்தர மொழி என்று பிரித்தறிய முடியாது. மூன்று நான்கு படைப்புகளில் திரும்பத் திரும்ப வருவதுதான் அவருடைய அடவு. ஒரு கலைஞரின் படைப்புகளை வரிசையாகப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

மசீலோ 1985 பிப்ரவரி 21 அன்று, ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பின மக்களின் குடியிருப்பான சோவெட்டோவில் பிறந்தார். சிறுமியாக இருக்கும்போது தெருக் குழுவொன்றில் ஆடிக்கொண்டிருந்தவர், ஜோகன்னஸ்பர்க்கின் நியூடவுனில் உள்ள டான்ஸ் ஃபேக்டரியில் சேர்ந்து பாலேயும் தற்கால நடனமும் பயின்றார். பின்பு பிரசெல்ஸில் நடன அமைப்பாளர் ஆன் தெரேசா டி கீர்ஸ்மேக்கர் நிறுவிய பார்ட்ஸ் நடனப் பள்ளியில் படித்துவிட்டு ஊர் திரும்பினார். 2008 இல் ஸ்டாண்டர்டு பேங்க் இளம் கலைஞர் விருது. அதே ஆண்டு 'ரோமியோ ஜூலியட்', 2009 இல் 'கார்மென்', 2010 இல் 'ஸ்வான் லேக்', 2017 இல் 'ஜிசெல்', 2021 இல் 'தி சாக்ரிஃபைஸ்', 2024 இல் 'ஹாம்லெட்'. அந்த ஆண்டு டிசம்பர் 29 அன்று, 39 வயதில் காலமானார்.

இந்தப் பட்டியலில் பெரும்பாலானவை ஐரோப்பாவின் பழைய கதைகள். ஒரு சோவெட்டோ பெண்ணுக்கு அவை எதற்கு? இந்த நாட்டில் பாலேக்கு ஒரு வரலாறு உண்டு. 1963 இல் நிறவெறி அரசு மாகாணத்துக்கு ஒன்றாகக் கலை மன்றங்களை அமைத்தது, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு நாபாக் என்ற மன்றம். அரசுப் பணம் பாலேக்கும் ஆப்பெராவுக்கும் வெள்ளையர் அரங்குகளுக்கும் போனது. கறுப்பின மக்களுக்கும் இந்திய வம்சாவளியினரான நம்மவருக்கும் அந்த மேடையிலும் இடமில்லை, இருக்கையிலும் இடமில்லை. மாற்றுப் பாதைகள் அரசுக்கு வெளியிலிருந்தே வந்தன. 1978 இல் சில்வியா கிளாசர் ஜோகன்னஸ்பர்கில் 'மூவிங் இன்டு டான்ஸ்' தொடங்கி, எல்லா இனத்தவரையும் ஒன்றாக ஆடவைத்தார். ஆப்பிரிக்க அசைவையும் மேற்கத்திய நடனத்தையும் இணைக்கும் 'ஆஃப்ரோஃபியூஷன்' அங்கேதான் வளர்ந்தது. டர்பனில் சூர்யா கோவெண்டர் பரதத்தையும் சூலு ஆட்டத்தையும் இணைத்து சூர்யலங்கா குழுவை நடத்தினார். சூரியனைச் சூலு மொழியில் 'இலாங்கா' என்பார்கள். இரண்டு மொழிச் சூரியன்களையும் சேர்த்து வைத்த பெயர் அது. இந்த வழித்தடத்தில்தான் மசீலோவும் வருகிறார். ஆனால் அவர் செய்தது சற்று வேறு. இரண்டு மரபுகளை அருகருகே நிறுத்திக் காட்டுவதில் அவருக்கு ஆர்வமில்லை. மறுக்கப்பட்ட கதைக்குள்ளேயே புகுந்து, அதன் முடிவை மாற்றி எழுதினார்.

ஸ்வான் லேக்கை எடுத்துக்கொள்வோம். மூலம் 1877 இல் மாஸ்கோவில் அரங்கேறியது. இன்று நாம் அறிந்த வடிவம் 1895 இல் பெடிபாவும் இவானோவும் அமைத்தது. இளவரசன் சீக்ஃபிரீட், சாபத்தால் அன்னமான ஓடெட்டை விரும்புகிறான். அவளைப் போலவே தோன்றும் ஓடிலிடம் ஏமாந்து வாக்குத் தவறுகிறான். மசீலோ பெயர்களை அப்படியே வைத்துக்கொண்டார், மந்திரவாதியையும் சாபத்தையும் தூக்கிவிட்டார். அவருடைய சீக்ஃபிரீடுக்கு வீட்டார் பார்த்து முடிக்கும் பெண் ஓடெட். அவன் மனம் ஓடிலிடம். அந்த ஓடில் ஓர் ஆண். கட்டாயக் கல்யாணத்தை நமக்கு விளக்க வேண்டியதில்லை. ஊரும் உறவும் கூடி நின்று ஒருவனை மணவறைக்குத் தள்ளும் காட்சியை எந்தத் தமிழ்க் குடும்பமும் சட்டென்று புரிந்துகொள்ளும். தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியல் சட்டம் பாலியல் நாட்டத்தின் பேரில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. 2006 முதல் ஒருபாலினத் திருமணமும் செல்லும். சட்டத்தில் கிடைத்தது வீட்டுக்குள் கிடைக்கவில்லை என்பதைத்தான் இந்த நடனம் பேசுகிறது.

ஆண்கள் டூட்டூ அணிவதைக் கண்டு அரங்கில் முதலில் சிரிப்பு எழும். நமக்கு அது அவ்வளவு புதிதாக இருக்கக் கூடாது. நேட்டால் கரும்புத் தோட்டங்களில் விடிய விடிய நடந்த தெருக்கூத்தை, இங்கே 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று சொல்லும் கூத்தை, பார்த்தவர்களுக்கு ஆண் திரௌபதி பழக்கம். ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கூத்தில் வேடம் கட்டுபவர் தன் ஆண் உடலை மறைத்துத் திரௌபதியாகிறார். மசீலோவின் ஆண் அன்னம் எதையும் மறைப்பதில்லை. மார்பு தெரிகிறது, தோள் தெரிகிறது, ஆணாகவே அன்னமாக இருக்கிறார். பெண் வேடமல்ல அது. சிரிப்பு அடங்குவது அங்கேதான்.

அந்த டூட்டூவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பாலேயில் அது கால்களின் நீளத்தைக் காட்டுவதற்காகத் தட்டையாக விரிகிறது. இடுப்பு அசையாமல் இருக்கும்வரை அதுவும் அசையாது. மசீலோவின் ஆட்டத்தில் இடுப்பு குலுங்கும்போது விளிம்பு முழுவதும் அதிர்கிறது. சிறு இடுப்பசைவு கடைசி வரிசைவரை தெரிகிறது. கரகாட்டத்தில் கழுத்தும் தோளும் அசையாமல் இருப்பதால்தான் கீழே நடக்கும் காலாட்டம் எடுப்பாகத் தெரியும். இங்கே அதற்கு நேர்மாறாக, அசைவைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியாக உடை மாறுகிறது. பாலே ஆடை பாலே மறைத்ததையே வெளியே கொண்டுவருகிறது.

இசையையும் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. சைக்கோவ்ஸ்கியோடு சேன்-சான்ஸ், ஸ்டீவ் ரைஷ், ஆர்வோ பேர்ட் ஆகியோரின் இசையும் வருகிறது. சுமார் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் நடனம் இது. முழு பாலே இரண்டு மணி நேரத்தைத் தாண்டும். கடைசியில் டூட்டூக்கள் போய், எல்லோரும் நீண்ட கறுப்புப் பாவாடையில் வருகிறார்கள். வேகம் இறங்கிவிடுகிறது. ஒருவர் பின் ஒருவராக விழுகிறார்கள். எய்ட்ஸ் எத்தனை வீடுகளைக் காலி செய்தது என்று அறிந்த நாட்டில் இந்தக் காட்சிக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. முதல் 40 நிமிடம் சிரித்து ஆர்ப்பரித்த அரங்கு இந்த இடத்தில் மூச்சுக்கூட விடாது.

'கார்மென்' பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: ஃபிளமென்கோவின் காலடியை ஆப்பிரிக்கக் காலடியோடு உரசவிட்ட படைப்பு. மசீலோவின் வேகத்தை ரசிக்க நல்லது. அவருடைய சிந்தனையைப் பிடிக்க 'ஜிசெல்'தான் வேண்டும்.

1841 இல் பாரிஸில் அரங்கேறிய ஜிசெல்லில், ஆல்ப்ரெக்ட் என்ற பிரபு குடியானவன் வேடத்தில் வந்து ஒரு கிராமத்துப் பெண்ணை ஏமாற்றுகிறான். உண்மை தெரிந்ததும் அவள் மனம் பேதலித்துச் சாகிறாள். இரண்டாம் பகுதியில் ஏமாற்றப்பட்டுச் செத்த கன்னிப் பெண்களின் ஆவிகள் ('வில்லி' என்பது அந்த ஆவிகளின் ஐரோப்பியப் பெயர்) மிர்த்தா என்ற அரசியின் தலைமையில் அவனைச் சாகும்வரை ஆடவைக்க வருகின்றன. ஜிசெல் அவனை மன்னித்து, விடியும்வரை காப்பாற்றுகிறாள். 180 ஆண்டுகளாக உலக மேடைகளில் அழகின் உச்சம் என்று கொண்டாடப்பட்ட மன்னிப்பு அது.

மசீலோவின் ஜிசெல் மன்னிப்பதில்லை. ஆல்ப்ரெக்ட் சாகிறான், அவள் கையால்.

பழையனூர் நீலி கதை தெரிந்தவர்களுக்கு இந்த முடிவு அந்நியமாக இராது. கணவனால் கொல்லப்பட்டவள் பேயாகத் திரும்பி வந்து பழி தீர்க்கும் கதையை நம் பாட்டிமார் பயத்தோடும், உள்ளுக்குள் ஒரு நியாயத்தோடும் சொல்லி வந்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஆவிகள் வெள்ளை மெல்லாடையில் மிதக்கும். மசீலோவின் வில்லிகள் சிவப்பு உடுத்தியவர்கள், தரையை அறைபவர்கள். அவர்களில் ஆண்களும் உண்டு, ஏனென்றால் ஏமாற்றப்பட்ட மனம் பெண்ணுக்கு மட்டும் உரியதில்லை. அரசி மிர்த்தா இங்கே சங்கோமா. முன்னோரின் குரலைக் கேட்டுக் குறி சொல்லி வைத்தியம் செய்பவர். கையில் விலங்கு மயிரால் ஆன சாமரம். அந்தப் பாத்திரத்தை ஆடியவர் ஓர் ஆண் நடனக் கலைஞர். நம் ஊரில் சாமியாடி வேப்பிலையோடு வந்து நின்றதும் கூட்டம் எப்படி விலகுமோ, அப்படி மேடை விலகுகிறது. இசை பிலிப் மில்லருடையது. பழைய இசையின் சாயல் அங்கங்கே தலைகாட்டும், கூடவே ஆப்பிரிக்கக் குரலும் தாளமும். பின்திரையின் ஓவியங்கள் வில்லியம் கென்ட்ரிட்ஜ் வரைந்தவை.

பாலேயில் வில்லிகள் ஏன் மிதக்கிறார்கள், இங்கே ஏன் அறைகிறார்கள்? இதுதான் மசீலோவின் இலக்கணத்தின் மையம். பாலே எடையை மறைக்கும் கலை. முனைக்காலில் எழுந்து, பூமியோடு தொடர்பே இல்லாதவர்போல் தோன்ற வேண்டும். தென்னாப்பிரிக்க ஆட்டங்களில் பெரும்பாலும் எடை கீழே போகிறது. முழங்கால் மடங்கி, உடல் முன்சாய்ந்து, பாதம் தரையோடு பேசுகிறது. பரதமும் தரையைத் தட்டும் கலைதான் என்பதால் நமக்கு இது எளிதாகப் பிடிபடும். பிடிபடாதது மேலுடல். பரதத்தில் தோளிலிருந்து இடுப்புவரை ஒரே பலகைபோல் நிற்கும். முதுகு வளைந்தால் குரு அதட்டுவார். மசீலோவிடம் முதுகெலும்பு பாம்புபோல் ஓடும். பரதத்தில் பயின்ற கண் அதைத் 'தளர்ந்த உடல்' என்று தவறாகப் படித்துவிடும். அது தளர்ச்சி இல்லை. காலடியின் அதிர்வு முதுகு வழியாக ஏறித் தலையில் முடிகிறது.

தாளத்திலும் ஒரு வேறுபாடு. பரதத்தில் தாளம் நட்டுவனாரின் கையில், ஆடுபவருக்கு வெளியே இருக்கிறது. இங்கே ஆடுபவர்களே கைதட்டி, கூவி, மூச்சை உரக்க விட்டு ஒருவருக்கொருவர் இடம் காட்டிக்கொள்கிறார்கள். அந்தக் கூச்சல் உற்சாகத்துக்காக மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. பத்துப் பேர் ஒரே கணத்தில் திரும்ப அதுதான் அடையாளம்.

'தி சாக்ரிஃபைஸ்' இந்த எண்ணத்தை இன்னும் ஆழமாகக் கொண்டுபோகிறது. 1913 மே 29 அன்று பாரிஸில் ஸ்ட்ராவின்ஸ்கியின் இசைக்கு நிஜின்ஸ்கி அமைத்த 'ரைட் ஆஃப் ஸ்பிரிங்' அரங்கில் பெரும் கலவரத்தைக் கிளப்பியது. ஊர் செழிக்க ஒரு பெண் சாகும்வரை ஆட வேண்டும் என்பது கதை. 1975 இல் ஜெர்மானிய நடன அமைப்பாளர் பினா பௌஷ் மேடை முழுவதும் மண்ணைக் கொட்டி அதை மறுபடி அமைத்தார். அந்த வடிவம்தான் மசீலோவைத் தூண்டியது. ஸ்ட்ராவின்ஸ்கியின் தாளம் கடினமானது. நம் நடை மாற்றம்போல் ஓர் ஆவர்த்தனத்துக்குள், அதாவது ஒரு தாளச் சுற்றுக்குள், அட்சரத்தைப் பிரிப்பதில்லை. ஆவர்த்தனத்தின் நீளமே அடிக்கடி மாறும். 5, 7, 9 எண்ணிக்கைச் சொற்கட்டுகளை ஒழுங்கில்லாமல் அடுக்கிய கோர்வை என்று கற்பனை செய்துகொள்ளலாம். மசீலோ அந்தச் சவாலை ஏற்றார், இசையை ஏற்கவில்லை. தன் முன்னோரின் த்ஸ்வானா ஆட்டத்தைப் புதிதாகக் கற்று, அதன் நுணுக்கமான விரைவுக் காலடிகளை அடித்தளமாக்கினார். அந்த மரபில் ஆடுபவர்கள் உலர்ந்த அந்துப்பூச்சிக் கூடுகளைக் கோத்துக் காலில் கட்டுவார்கள். நம் சலங்கைக்கு ஒன்றுவிட்ட உறவு. ட்லாலே மகேனே, ஆன் மசினா, லிராய் மபோலோ, நாதி ஷோங்வே ஆகியோர் புதிய இசை அமைத்து மேடையிலேயே வாசித்தார்கள். ஆன் மசினாவின் குரல் ஒரு தாயின் குரலாக இருக்கிறது. பலிக்குரியவளின் கையில் வெள்ளை அல்லிபோன்ற 'ஆரம் லில்லி' மலர் ஒன்று வந்து சேரும்போது, ஊர் என்ன தீர்மானித்துவிட்டது என்று அவளுக்கும் நமக்கும் ஒரே நேரத்தில் தெரிகிறது.

வரிசையில் இன்னோர் இழையும் ஓடுகிறது. 2011 இல் 'தி பிட்டர் எண்ட் ஆஃப் ரோஸ்மேரி' என்ற தனி ஆட்டத்தில் அவர் ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தில் வரும் ஒஃபீலியாவை எடுத்தார். 13 ஆண்டு கழித்து முழு 'ஹாம்லெட்'டுக்குத் திரும்பினார். ஓடெட், ஜிசெல், ஒஃபீலியா, பலிப் பெண் என எல்லோரும் பிறர் எடுத்த முடிவுகளால் சாகிறவர்கள். அவர்கள் எதனால் சாகிறார்கள் என்ற கேள்வியை அவர் விடவேயில்லை.

புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் ஸ்வான் லேக்கில் தொடங்கி ஜிசெல்லுக்குப் போய், அதற்குப் பிறகு தி சாக்ரிஃபைஸுக்கு வரலாம். ஆண்டு வரிசையும் அதுவே. ஒவ்வொன்றின் பழைய கதையையும் அரைப்பக்கம் படித்துவிட்டு உட்காருங்கள். கதை தெரியாமல் பார்த்தால் எங்கே மாற்றினார் என்பது தவறிப்போகும். காணொளியில் பார்ப்பதானால் ஒரு 10 நிமிடப் பகுதியை எடுத்து மூன்று முறை பாருங்கள். முதல் முறை ஒலியோடு, கால்களை மட்டும். இரண்டாம் முறை ஒலியை நிறுத்தி, முதுகையும் கழுத்தையும். மூன்றாம் முறை நடுவில் ஆடுபவரை விட்டுவிட்டு, ஓரத்தில் நிற்கும் கூட்டத்தை. மசீலோவின் கூட்டம் சும்மா நிற்காது. தீர்ப்புச் சொல்லிக்கொண்டே இருக்கும். கைபேசியில் இதுதான் முதலில் தொலைகிறது, ஏனென்றால் கேமரா முகத்தை நெருங்கும்போதெல்லாம் கூட்டம் திரைக்கு வெளியே போய்விடும். முடிந்தால் நேரில் பாருங்கள். அவருடைய படைப்புகள் எப்போதும் கிடைக்காது. ஆனால் இதே மொழியில் பேசும் மற்றவர்களைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ள, 1998 முதல் டர்பனில் நடந்துவரும் ஜோம்பா தற்கால நடன விழா கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

பரதம் பயிலும் மாணவர்களுக்குப் பார்ப்பதைவிடச் செய்து பார்ப்பது சீக்கிரம் புரியும். முதல் தட்டடவை எடுத்துக்கொள்ளுங்கள்: தெய்யா தெய், முதல் காலத்தில். அரைமண்டிக்குப் பதிலாகப் பாதங்களை இடுப்பகலத்தில், விரல்கள் நேராக முன்னோக்கி வையுங்கள். முழங்காலை மடக்குங்கள், அது இரண்டாம் கால்விரலுக்கு நேர்மேலே நிற்க வேண்டும். அரைமண்டிப் பழக்கத்தால் பாதம் தானாக வெளியே திரும்பும். முழங்கால் மட்டும் உள்ளே நிற்கும். முழங்காலின் உள்பக்கம் வலிப்பதற்கு அதுதான் காரணம். உடலை இடுப்பிலிருந்து சற்று முன்சாய்த்து அதே சொல்லைத் தட்டுங்கள். இப்போது ஒவ்வொரு 'தெய்'யிலும் எடையை முழுதாகத் தரையில் இறக்குங்கள். உடல் மேலே துள்ளினால் தாளம் சரியாக இருந்தாலும் ஆட்டம் வேறாகிவிடும்.

முதுகைத் தனியாகப் பழக வேண்டும். நேராக நின்று, மோவாயை மார்புக்கு இறக்கி, எட்டு எண்ணிக்கையில் கழுத்திலிருந்து ஒவ்வொரு கணுவாகக் கீழே சுருளுங்கள். எட்டில் மேலே விரியுங்கள். பரத மாணவர்கள் பெரும்பாலும் நடு முதுகைத் தாண்டிக் குதித்துவிடுவார்கள். அந்த இடம் பல வருடம் பூட்டியே கிடந்தது. அது திறந்த பிறகுதான் இரண்டையும் சேர்க்க வேண்டும். சிமெண்டுத் தரையில் வேண்டாம். தட்டின் அதிர்ச்சியைத் தரை வாங்காவிட்டால் குதிகாலும் கணுக்காலும் வாங்கும். கீழே இடைவெளி விட்ட மரத்தளம் நல்லது. வழுக்காத வினைல் விரிப்பில் வெறுங்காலால் சுழன்றால் தோல் பிடித்துக்கொண்டு முழங்கால் திருகும். சுழலும்போது குதிகாலை உயர்த்தி, முன்பாதத்தில் மட்டும் நில்லுங்கள்.

கடைசியாக வேகம். நாம் முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று படியேறுவோம். மசீலோ முதல் காலத்திலிருந்து எந்த அறிவிப்புமில்லாமல் மூன்றாம் காலத்துக்குத் தாவுவார், மேலே கைகள் பாலேயின் நிதானத்திலேயே இருக்கும். காலும் கையும் இரண்டு காலங்களில் இருப்பதால்தான் அவருடைய சிறிய உடல் மேடை முழுவதையும் நிரப்பியது. பெரும்பாலும் முதன்மைப் பாத்திரங்களைத் தாமே ஆடியவர் அவர். தன் உடலின் அளவுக்கும் வேகத்துக்கும் தைத்த பாத்திரங்கள் அவை. இனி வேறொருவர் ஜிசெல்லாக வரும்போது முகத்தையும் உடையையும் ஒப்பிட வேண்டாம். இரண்டாம் பகுதியில் அவள் ஆல்ப்ரெக்டை நோக்கித் திரும்பும் இடத்தில், கால் தாவிய பிறகும் கை நிதானமாக இருக்கிறதா என்று பாருங்கள்.